ஒலிக்குப் பிந்திய உதடுகள்

அந்த வீட்டில் உடை போடாத பொருள் சுவர்க்கடிகாரம் ஒன்றுதான். மிக்சிக்கு உறை, இஸ்திரிப்பெட்டிக்கு உறை, டிவி ரிமோட்டுக்குப் பட்டன் வைத்த உறை. வீட்டுக்காரம்மா திரைச்சீலைகளும் உறைகளும் தைத்து விற்பவர். தெருவில் அவருக்கு 'உறைக்காரம்மா' என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவர் அதையே பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டதும் கிண்டலுக்கு வேலையில்லாமல் போயிற்று.

தையலை அவர் யாரிடமும் கற்கவில்லை. கல்யாணமான புதிதில், கடையில் வாங்கிய சோபா உறை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துத் தரையில் பரப்பி, எந்தத் துண்டு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்து, மறுபடி சேர்த்துத் தைத்தார். ஒரு பக்கத்துக் கை கோணிக்கொண்டது. பிரித்துத் தைத்தார், அடுத்த பக்கம் கோணிக்கொண்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, சரிவராவிட்டால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுவது என்று அன்றைக்குத் தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள் வந்த எந்தப் பொருளின் ரசீதையும் அவர் எறிந்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

கணவர் அச்சகத்தின் இயந்திரப் பகுதியில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். அந்த இயந்திரங்கள் அவருடைய காதில் பெரும்பகுதியைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தன. மிச்சக் காதையும் எதிரே பேசுகிறவரின் உதட்டையும் சேர்த்து வைத்துத்தான் அவர் பேச்சைப் பிடிப்பார். ஒன்று பிசகினால் மற்றொன்றும் உதவாது.

அவருக்காகத்தான் கூடத்தில் கணினி வந்தது. அதைப் பெரிய திரையோடு இணைத்து, அவர் தலையில் மாட்டும் ஹெட்போனுக்கு ஒலியைத் தனியாகக் கூட்டியும், மற்றவர்களுக்கு ஒலிபெருக்கியில் அளவாகவும் வைத்திருந்தார் உறைக்காரம்மா. மாலையில் மற்றவர்கள் சிரித்த இடத்தில் அவரும் சிரித்தார். பிறர் சிரித்து முடித்த பின் "என்ன, என்ன?" என்று கேட்டே பல வருடங்களைக் கழித்த மனிதருக்கு அது சின்ன விஷயமல்ல.

பிறகு படம் திக்க ஆரம்பித்தது. தெளிவு கூடிய புதுப் படங்கள் நாலெட்டு நடந்து நின்றன. ஒலி தன் பாட்டுக்குப் போயிற்று. உதடுகள் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தன. கணவர் கொஞ்ச நாள் பொறுத்தார். ஒரு மாலை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அவன் பேசி முடிச்சப்புறம் வாயை அசைக்கிறான். நான் உள்ள போய்ப் படுத்துக்கறேன்."

மறுநாள் மாலை அவர் கூடத்துக்கே வரவில்லை.

உறைக்காரம்மா கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். படத்துக்கென்றே தனியாக ஒரு கார்டு போடவேண்டும் என்ற கடைக்காரர், அதைப் போட்டுக் கடைத் திரையில் ஓட்டியும் காட்டினார். வழுக்கிக்கொண்டு ஓடியது. வீட்டுக்கு வந்ததும் அதே திக்கல். திரும்பவும் கடைக்குப் போனார். கடைக்காரர் பெட்டியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"அக்கா, இதை நீங்க திறந்திருக்கீங்க. வாரண்டி ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு பாருங்க."

"திறந்தது நீங்க. இல்ல, கார்டை மந்திரம் போட்டு உள்ள அனுப்பினீங்களா?"

"நான் புது ஸ்டிக்கர் ஒட்டித்தான் குடுத்தேன்."

"ஒட்டல. நீங்க குடுத்த அன்னைக்கு இதே கடை வாசல்ல வெச்சு போட்டோ எடுத்திருக்கேன். பாக்கறீங்களா?"

"இதுக்கெல்லாமா போட்டோ எடுப்பாங்க?"

"உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறவரைக்கும் எடுப்பாங்க."

கடைக்காரர் போட்டோவைப் பார்க்கவில்லை. வேலைச் சீட்டில் 'வாடிக்கையாளர் திறந்து கெடுத்தது' என்று எழுதி முத்திரை குத்தி நீட்டினார். இனிமேல் உத்தரவாதம் கிடையாது, இதைப் பழைய விலைக்குப் போட்டுவிட்டுப் புது டிவி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதில் ஹெட்போனும் ஒலிபெருக்கியும் சேர்ந்து வேலை செய்யுமா என்று கேட்டார் உறைக்காரம்மா. இரண்டில் ஒன்றுதான் என்று பதில் வந்தது.

கீழ்வீட்டில் குடியிருந்த கொழுந்தன் இதைக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து கணினியைக் கடைக்கு ஏற்றிவிடுவதாகத் தானே முடிவு செய்துவிட்டார்.

"அண்ணி, எதுக்கு இந்த வீம்பு? அண்ணனுக்குத்தான் காது கேக்காதே. எந்த டிவியா இருந்தா என்ன?"

"உனக்கு நல்லா கேக்குதுல்ல தம்பி? அப்ப இதைக் கேட்டுக்க. வண்டி வேணாம்."

"ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள ஓட வைங்க, பாப்போம்."

கொழுந்தனின் செருப்புச் சத்தம் படியிறங்கும் முன்னமே உறைக்காரம்மா படுக்கையறை வாசலில் நின்றார். "என்னங்க, வந்து உக்காருங்க. உங்க கண்ணு வேணும்."

"காது போச்சு. இப்ப கண்ணையும் கேக்கறியா?"

"கடனாத்தான். திருப்பிக் குடுத்துடறேன்."

ஒரு மனிதர் திரையிலிருந்து நேராக நம்மைப் பார்த்துப் பேசும் காட்சி ஒன்றை உறைக்காரம்மா தேர்ந்தெடுத்துக்கொண்டார். உதடு பிந்தும்போது கணவர் கை தூக்க வேண்டும். அதே படத்தின் தெளிவு குறைந்த பிரதியைப் போட்டார். கை மடியிலேயே கிடந்தது. தெளிவு கூடியதைப் போட்டார், கை எழுந்தது. வேறு மென்பொருளில் ஓட்டினார், கை எழுந்தது. பழையதற்கே திரும்பினார். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்தினார், அப்போதும் எழுந்தது.

அடுத்து, கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் பக்கத்தைத் திறந்துவைத்துப் படத்தை ஓட்டினார். கணினியின் மூளைக்குரிய கோடு உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. புதுக் கார்டின் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"புதுசா வந்தவன் துரும்பைக்கூட அசைக்கல," என்றார்.

கணவர் அவர் வாயைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க பிரஸ்லயும் அப்படி ஒருத்தன் இருந்தான். சோம்பேறின்னு எல்லாரும் திட்டுவோம். அவனை எந்த மெஷின்லயும் போடவே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

உறைக்காரம்மா திரையிலிருந்து இறங்கும் ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனார். அது கணினிப் பெட்டியின் சாம்பல் நிற உறைக்குள் நுழைந்தது. பெட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அவர் அளவெடுத்துத் தைத்த உறை அது. திரை ஒயருக்கென்று பின்பக்கத்தில் ஒரு துளை விட்டு, அதைச் சுற்றி அழகாகக் காஜா எடுத்திருந்தார். உறையை உருவினார். காஜாவுக்கு நேரே இருந்த பழைய சொருகுவாயில் ஒயர் இருந்தது. கார்டோடு வந்த புதுச் சொருகுவாய் அதற்குக் கீழே, உறைத் துணி மூடியிருந்த இடத்தில், கடைக்காரர் திருப்பி மாட்டிய பிளாஸ்டிக் மூடியோடு காலியாக இருந்தது. கடையிலிருந்து வந்த ஒவ்வொரு முறையும் அவர் முதலில் பெட்டிக்கு உடை போட்டார். பிறகு ஓட்டை இருந்த இடத்தில் ஒயரைச் சொருகினார். படத்தைச் சுமந்ததெல்லாம் பழைய வழிதான்.

கணவர் எட்டிப் பார்த்தார். தோள் குலுங்கியது. "நீ வெச்ச ஓட்டை."

"ஆமா, நான் வெச்சதுதான். கண்டுபிடிச்சதும் நான்தான். சிரிச்சு முடிச்சா கத்தரியை எடுங்க."

காஜாவை வெட்டிக் கீழே வரைக்கும் இறக்கினார். மூடியைப் பிடுங்கி ஒயரைப் புது வாயில் செருகினார். அதே காட்சி ஓடியது. அந்த மனிதர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கணவரின் கை எழவில்லை.

"என்னங்க, தூங்கிட்டீங்களா?"

"சும்மா இரு. வாயும் பேச்சும் ஒண்ணாப் போகுது."

மறுநாள் காலை உறைக்காரம்மா சீட்டும் கையுமாகக் கடையில் நின்றார். ஒயர் தப்பான இடத்தில் இருந்ததையும் அதற்குக் காரணம் தன் உறைதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"அப்ப சரியாயிடுச்சுல்ல அக்கா, இன்னும் என்ன?"

"மெஷின் சரியாயிடுச்சு. சீட்டு சரியாகல. நான் திறக்கவும் இல்ல, கெடுக்கவும் இல்ல. எழுதினதை அடிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

"ஒரு வரிதானே, விடுங்களேன்."

"ஒரு வரிதானே, அடிங்களேன்."

கடைக்காரர் அடிக்கவில்லை. உறைக்காரம்மா இன்றைக்கும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கடைக்குள் ஏறி, வாடிக்கையாளர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, அவர்கள் காதில் விழும்படியே கேட்டுவிட்டு வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. கொழுந்தன் கயிற்றுச் சுருளோடு படியேறி வந்தார். "என்ன அண்ணி, மூட்டை கட்டியாச்சா?"

உறைக்காரம்மா தரையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. "உங்க அண்ணனைக் கேளு."

கொழுந்தன் திரைக்கு முன்னால் போய் நின்று, குழந்தைக்குச் சொல்வதுபோல வாயை அகலமாகத் திறந்து சொன்னார்: "அண்ணே, வண்டி கீழ நிக்குது."

ஹெட்போன் மாட்டியிருந்த அண்ணன் ஒரு பக்கமாகச் சாய்ந்தார், மறுபக்கமாகவும் சாய்ந்து பார்த்தார்.

"டேய், தள்ளி நில்லுடா. அவன் என்னமோ முக்கியமா சொல்றான், வாய் தெரியல."

கொழுந்தன் தள்ளி நின்றார். நின்ற இடத்திலிருந்து திரையையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு பதில் வந்தது. அண்ணன் அவரை முந்திக்கொண்டு சிரித்தார்.

"வண்டிக்காரரை அனுப்பிட்டு வா தம்பி," என்றார் உறைக்காரம்மா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்து உக்காந்து பாரு. படம் பாதிதான் போயிருக்கு."