கனகவல்லி டீச்சர் விற்ற புட்

கீழ்க்கட்டளையில் ஒரு தனியார் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு நடத்திவந்தார் கனகவல்லி. அங்கேயே இயற்பியல் நடத்திய ஜீவானந்தம், 2005இல் வேலையை விட்டுவிட்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில், ஒரு பெரிய தரகு நிறுவனத்தின் கிளையாகப் பங்குத் தரகு அலுவலகம் திறந்தார். டீச்சரின் கணவர் ராஜாராமன் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு வாரமும் வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். தன்னிடம் கணக்கு தொடங்கக் கூப்பிட்டபோது டீச்சர் யோசிக்காமல் போனார்.

பங்குச் சந்தையில் ‘ஆப்ஷன்’ என்கிற உரிமை வியாபாரத்தை அவர் அழகாகத்தான் விளக்கினார்.

“படப்பையில ஒரு மனை பத்து லட்சம்னு வைங்க டீச்சர். மூணு மாசத்துக்குள்ள அதே விலைக்கு வாங்கிக்கிற உரிமைய இருபதாயிரம் குடுத்து எழுதி வாங்குறீங்க. விலை பன்னெண்டு லட்சமாச்சுன்னா லாபம். எட்டுக்கு இறங்கினா வேண்டாம்னு விட்டுடலாம், இருபதாயிரத்தோட போச்சு. இது கால். இதே மாதிரி, விக்கிற உரிமைய வாங்கினா அது புட். மனை எவ்வளவு இறங்கினாலும், பேசின விலைக்கு எதிராளி வாங்கித்தான் ஆகணும்.”

“அந்த எதிராளிக்கு என்ன லாபம் சார்?”

“இருபதாயிரம் அவர் கையில இருக்கே! பெரும்பாலும் அவருக்கே தங்கிடும். நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க, புட்டை விக்கிற பக்கம். மாசாமாசம் வருமானம்.”

டீச்சருக்கு ‘பெரும்பாலும்’ இடித்தது. “தங்கலைன்னா?”

“நான் எதுக்கு இருக்கேன்? இறங்க ஆரம்பிச்ச அன்னிக்கே திரும்ப வாங்கி முடிச்சுடறேன்.”

மகள் துர்காவின் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்த பணத்தை ஈடாகக் கட்டினார். ஒன்றரை வருடம் மாதம் மூவாயிரம், நாலாயிரம் வந்தது.

2008 ஜனவரியில் ஒரு காலை, இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் ஜீவானந்தத்தின் போன். ஒரு சிமென்ட் கம்பெனியின் புட்டுக்கு நல்ல விலை வந்திருக்கிறது, கொஞ்சம் பெரிதாக விற்றுவிடலாமா என்றார். “சரி சார்” என்று சொல்லிவிட்டு டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தார்.

அடுத்த வாரம் சந்தை சரிந்தது. இரண்டு நாள் டீச்சர் போன் அடித்துக்கொண்டே இருந்தார், ஜீவானந்தம் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் பர்மிஷன் போட்டுவிட்டுத் தாம்பரம் போனார். அலுவலகத்தில் இருந்த வெண்ணிலா என்ற பெண் காகிதங்களை எடுத்துக் கொடுத்தாள். நஷ்டம் மூன்று லட்சத்து எண்பதாயிரம். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு காகிதமும் வந்தது. அதே கம்பெனி, அதே புட், அதே விலை, அதே காலை, அதே பத்து மணி பன்னிரண்டு நிமிடம். விற்றதாக இல்லை, வாங்கியதாக. பெயர் தீபலட்சுமி. ஜீவானந்தத்தின் மனைவி.

“அது வேற கஸ்டமரோடது மேடம்” என்று பதறினாள் வெண்ணிலா. “அந்த புட்டுக்கு அன்னிக்கு ஆளே இல்ல. சார்தான் ரெண்டு பக்கமும் ஆர்டர் போட்டாரு.”

படியேறி வந்த ஜீவானந்தம், டீச்சர் கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இறங்கும்னு தெரிஞ்சுதான் வாங்கினீங்களா சார்?”

“தெரியாது. தோணுச்சு.”

“அப்ப என்னை ஏன் விக்கச் சொன்னீங்க?”

“நான் வாங்கணும்னா யாராவது விக்கணுமே டீச்சர்.”

பஸ்ஸில் திரும்பும்போது பணத்தைவிட அந்தப் பதில்தான் டீச்சரை அறுத்தது. நூறு வாடிக்கையாளர்களில் மறுகேள்வி கேட்காமல் சரி சொல்லக்கூடியவர் யார் என்று ஜீவானந்தம் தேடியிருக்கிறார். அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது டீச்சரின் பெயர்.

தரகு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். உங்கள் ஒப்புதலோடுதான் விற்கப்பட்டது என்று மூன்று வரியில் பதில் வந்தது. துர்கா இன்ஜினீயரிங் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு பி.எஸ்ஸி. சேர்ந்தாள். ராஜாராமன் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பாட்டை மட்டும் பாதியில் விட்டு எழுந்தார்.

டீச்சர் ஒன்று செய்தார். ஆசிரியர் அறையில் ஜீவானந்தத்திடம் கணக்கு வைத்திருந்த நான்கு பேரிடமும் அந்தக் காலை நடந்ததை முழுக்கச் சொன்னார். தான் சரி சொன்னதையும் மறைக்கவில்லை. அந்த மாதமே நான்கு பேரும் கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஒருமுறை ஜீவானந்தம் தானாக போன் செய்தார். குரல் உடைந்திருந்தது.

“நம்ம பழக்கத்துக்கு நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல டீச்சர்.”

கனகவல்லி போனை வைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.