தொழில் என்ற கட்டம்

நான் வேலை பார்க்கும் கல்லூரியின் உதவித்தொகை மேசையில் சூடான ஜெராக்ஸ் தாள் வாசம் வந்தாலே, சூலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஜமீலா அக்கா நினைவுக்கு வருவார். உதவித்தொகை அறிவிப்பு எந்தச் செய்தித்தாளில் வந்தாலும் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவார். விண்ணப்பத்தையும் அவரே நிரப்பித் தருவார்.

என் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று அப்பாவும் நானும் அவர் கடையில் நின்றோம். பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். 'தந்தையின் தொழில்' என்ற கட்டம் வந்ததும், "சொந்தத் தறின்னு எழுதுங்க" என்றார் அப்பா. எங்களுக்குத் தறியே கிடையாது. அப்படி எழுதினால் உதவித்தொகையும் கிடைக்காது. நான் தலை குனிந்து நின்றேன்.

அக்கா பேனாவை மூடினார். "மெஷின் சூடாயிருச்சுங்க. எல்லாரும் டீ குடிச்சுப்போட்டு வாங்க" என்று கூட்டத்தை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இப்பச் சொல்லுங்கண்ணா."

"கூலிக்குத்தான் ஓட்டறேனுங்க, அம்மணி."

இன்று ஒரு மாணவியின் அப்பா அதே கட்டத்தில் தயங்கி, பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து கதவருகே போனேன்.

"சர்வர் போயிருச்சுங்க. எல்லாரும் டீ குடிச்சுப்போட்டு வாங்க."