கண்ணைத் திறந்துகொண்டு ஒரு ஜெபம்

கூலன்ட் எண்ணெய் சூடான இரும்பில் பட்டுக் கருகும் வாசனை. ஒரகடம் சாலையில் எந்தப் பட்டறையைக் கடக்கும்போது மூக்கில் ஏறினாலும் எனக்கு மூச்சு முட்டும். ஜன்னல் திறக்காத கம்பெனி பஸ், பச்சைத் தரை, மஞ்சள் கோடு, கோட்டுக்குள் நான். பதினெட்டு வருடம்.

இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் லைனுக்கு நான் லீடர். கை உள்ளே போனால் மெஷின் தானாக நிற்பதற்கு ஒரு சென்சார் உண்டு. அது சும்மா சும்மா நிறுத்துகிறது, டார்கெட் போகிறது என்று சூபர்வைசர் கத்துவார். அதனால் பைபாஸ் பண்ணிவிடுவோம், சென்சார் இருந்தும் இல்லாத மாதிரி. ஷிஃப்ட் தொடங்கும்போது கைகூப்பிக் கண்ணை மூடி, "ஆண்டவரே, எல்லாரையும் காத்துக்கொள்ளும்" என்பேன். கண்ணைத் திறந்ததும் பைபாஸ் போடுவேன். இரண்டையும் ஒரே கைதான் செய்தது.

ஒரு நாள், சேரப்பணஞ்சேரியிலிருந்து என் லைனுக்கு வரும் கான்ட்ராக்ட் பெண்ணுக்குப் பிரஸ்ஸில் இரண்டு விரல்கள் போயின.

மாலைக்குள் எச்ஆர் அறையில் தாள் தயாராக இருந்தது. சென்சார் சரியாக வேலை செய்தது, அவள்தான் அவசரப்பட்டுக் கையை விட்டாள் என்று. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. மகளுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். உள்ளே ஏதோ கொதித்தது. கோபம் பாவம் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவன், விழுங்கினேன். விழுங்கியதற்குப் பொறுமை என்று பெயரும் வைத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளுக்காக ஜெபிக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். நான் கண்ணை மூடினேன்.

"இன்னாண்ணே, வந்ததும் வராததுமா கண்ண மூடிகின? என் கைய பாக்க பயமா கீதா?"

"ஜெபம் பண்ணலாம்னு..."

"பண்ணு, வேணான்னா சொன்னேன்? தொறந்துகினே பண்ணு. நானா அவசரப்பட்டு கைய வுட்டேன்னு எய்திக்கீறாங்களே, நீ பாத்தியாண்ணே?"

திறந்த கண்ணோடு ஜெபித்தேன், வாழ்க்கையில் முதல்முறையாக. விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் கட்டு தட்டையாக இருந்தது. வார்த்தை ஒன்றும் வரவில்லை. கோபம் வந்தது. சூபர்வைசர்மேல், அந்தத் தாளின்மேல், எல்லாவற்றையும்விட என் பொறுமையின்மேல். அந்தக் கோபத்தைத் தந்தவர் ஆண்டவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு வெள்ளைத் தாளில் என் கையால் எழுதிக் கொடுத்தேன்: பைபாஸ் போட்டது நான், போடச் சொன்னவர் சூபர்வைசர், முதல் தாள் பொய்.

எச்ஆர் அதிகாரி இரண்டு தரம் படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"கேஸ்னு வந்தா மொதல்ல மாட்டுறது நீதான், தெரியுமா?"

"தெரியும் சார்."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு எழுந்தேன்.

"இத்தன வருஷத்துல உனக்குக் கோவம் வந்தே நான் பாத்ததில்லையேப்பா."

"வந்துகினுதான் இருந்திச்சு சார். நான்தான் வெளிய வுடல."