நாலு விரல் மடிப்பு

சாந்தன்பாறைப் பக்கத்து ஏலக்காடுகளில் பெண்பிள்ளைக்கு ஃப்ராக் தைப்பவர்கள் அடியில் மடிப்பு வைக்காமல் தைக்கமாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு துணி எடுத்தால் அது மூன்று கிறிஸ்துமஸுக்காவது வந்தாக வேண்டும். அதனால் துணியை வேண்டுமென்றே நீளமாக வெட்டி, அடியில் நாலு விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடித்துத் தைத்துவிடுவார்கள். பிள்ளை வளர வளர, வருஷத்துக்கு ஒருமுறை தையலைப் பிரித்துக் கொஞ்சம் இறக்குவார்கள். வெயில் படாமல் உள்ளே கிடந்த துணி அப்போது பளிச்சென்று தெரியும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் ஓடுகிற பிள்ளையின் ஃப்ராக்கில் எத்தனை பளிச் பட்டை என்று எண்ணினால் போதும், அது எத்தனையாவது வருஷத் துணி என்று சொல்லிவிடலாம். இதைக் கைவேலை என்று யாராவது மெச்சினால் செபமாலையம்மாளுக்குச் சிரிப்புத்தான் வரும். இல்லாத வீட்டுச் சிக்கனத்துக்கு எதற்குப் பெரிய பேர்?

செபமாலைக்கு வயது நாற்பத்தொன்று. வாரத்தில் ஆறு நாள் ஏலக்காய் எடுக்கப் போவாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், காய்ச் சாறு பட்டுக் கறுத்த விரல்களைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு மிஷினில் உட்காருவாள். லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் தையல்காரி. புருஷன் சூசையப்பன் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத்தான் ஒரே ஒரு பெண், சிஞ்சு, பிறந்தாள். அந்தப் பதினோரு வருஷமும் ஊரார் பிள்ளைகளின் இடுப்பை அளந்து அளந்தே அவள் மனசு புண்ணாகிக் கிடந்தது. அதனால் சிஞ்சு பிறந்த பிறகு அவள் தலைகால் புரியாமல் ஆடினாள் என்று சொன்னால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

சிஞ்சுவுக்கு எட்டு வயதில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. முதலில் சூடு என்றார்கள். பிறகு மலையிறங்கி நாலு மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, ரத்தத்தில் புற்று என்றார்கள். குழந்தைகள் வார்டில் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த பச்சை அங்கியைப் போடமாட்டேன் என்று சிஞ்சு ஒரே அழுகை. மருந்துக் குழாய் மாட்டிய கையோடு தலைவழியாக எந்தச் சட்டையும் நுழையாது. செபமாலை யோசித்து, முன்பக்கம் முழுக்கத் திறந்து நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி மஞ்சள் பூப்போட்ட ஃப்ராக் ஒன்று தைத்துக் கொண்டுபோனாள். அதற்கு நாலு விரல் மடிப்பு போதவில்லை அவளுக்கு. இரண்டு பங்காக, எட்டு விரலுக்கு வைத்தாள்.

"இது எத்தன வருசத்துக்கு வரும்மா?" என்று சிஞ்சு கேட்டாள்.

"ஆறு வருசத்துக்கு வரும். பதினாலு வயசு வரைக்கும் நீ இதத்தான் போடப்போற, பாரு."

மற்ற கட்டில் பிள்ளைகள் அந்த ஃப்ராக்கைக் கண்ணெடுக்காமல் பார்த்தன. அன்று ஊர் திரும்பியதும் செபமாலை நேராகக் குருசடிக்குப் போய் அந்தோணியார் முன்னால் நின்றாள். சிஞ்சு பிழைத்து எழுந்தால் அந்த வார்டுப் பிள்ளைகள் நூறு பேருக்கு ஃப்ராக் தைத்துப் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். கேட்டது கிடைத்த பிறகு செலுத்துவதுதான் நேர்ச்சை. செபமாலைக்கு அவ்வளவு பொறுமை ஏது? முந்திக்கொண்டு தைத்துக் கொடுத்துவிட்டால் புனிதர் வெட்கப்பட்டாவது பிள்ளையைத் தருவார் என்று நினைத்தாள். பூப்பாறைத் துணிக்கடையில் வெட்டுத்துணி கேட்டு வாங்கினாள். கோயில் பங்குப் பெண்கள் வெட்டித் தைக்கப் பழஞ்சேலையில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று ஃப்ராக் தைத்து, சிஞ்சுவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எடுத்துப் போனாள்.

செபமாலை ஊருக்கு வரும் நாட்களில் சிஞ்சுவைப் பார்த்துக்கொண்டவள் வார்டுக் கன்னியாஸ்திரி ஜிபி சிஸ்டர். நல்ல மனுஷி, ஆனால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறவள். ஒருநாள் ஃப்ராக்கின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேச்சி, இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு மடிப்பு எதுக்கு? சும்மா கனம்தானே" என்றாள்.

"சிஸ்டர், மடிப்பு இல்லாம தச்சா, இது வளராதுன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரில்லா ஆயிரும்?"

வார்டில் இருந்த அம்மாக்களுக்கு இந்தப் பதில் எப்படியோ எட்டிவிட்டது. புது ஃப்ராக் கைக்கு வந்ததும் அவர்கள் பூவைப் பார்க்கமாட்டார்கள், கழுத்துப் பட்டியைப் பார்க்கமாட்டார்கள். அடியைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார்கள். மடிப்பு தட்டுப்பட்டதும் அவர்கள் முகம் சற்றுத் தெளியும்.

சிஞ்சு வளரவில்லை. மெலிந்தாள். மஞ்சள் ஃப்ராக்கின் நாடாவை ஒவ்வொரு தடவையும் இன்னும் உள்ளே இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. நவம்பர் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மடிப்ப எல்லாம் பிரிச்சு விடும்மா. பெரிய பிள்ள ஆனா எப்படி இருப்பேன்னு பாக்கணும்" என்றாள்.

"கிறிஸ்மஸுக்குப் பிரிப்போம். அதுக்கு முன்னால பிரிக்கக் கூடாதுட்டி."

காலத்துக்கு முன்னால் மடிப்பைப் பிரித்தால் பிள்ளைக்கு ஆகாது என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நம்பித்தான் செபமாலை மறுத்தாள். சிஞ்சுவும் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிடிவாதம் பிடிக்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

அந்த மாதம் இருபத்தோராம் தேதி அவள் இறந்துபோனாள். முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கென்று பக்கத்து லயத்துப் பெண்ணுக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளை ஃப்ராக்கைப் போட்டு அடக்கம் செய்தார்கள். மஞ்சள் ஃப்ராக் பிரிக்காத மடிப்போடு செபமாலையின் பைக்குள் கிடந்தது. ஐந்து நிமிஷ வேலை. ஒரு பிளேடு எடுத்துத் தையலைக் கீறியிருந்தால் பிள்ளை பார்த்துவிட்டுப் போயிருப்பாள். கேட்டது அது ஒன்றுதான். அதை நினைத்து நினைத்துச் செபமாலை தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

அதுவரை முப்பத்தேழு ஃப்ராக் தைத்திருந்தாள். ஜனவரியில் மறுபடியும் மிஷினைத் திறந்தபோது சூசையப்பன் கத்தினான்.

"தராத வரத்துக்கு எவளாவது நேர்ச்ச செலுத்துவாளாட்டி? கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?"

"அவரு சொன்ன வாக்கக் காக்கல. அதுக்காக நானும் தப்பணுமா?"

"அவரு எங்கட்டி வாக்குச் சொன்னாரு? நீயாத்தான சொல்லிக்கிட்ட!"

அவள் மிஷினில் நூலைக் கோத்தாள். பங்குச் சாமியாரும், கட்டாயமில்லை, விட்டுவிடம்மா என்றுதான் சொன்னார். அவள் விடவில்லை. அது பக்தி என்று நான் சொல்லமாட்டேன். அந்தோணியாரின் முகத்தில் அடிக்கிற மாதிரி நூறையும் முடித்துக் காட்ட வேண்டும் என்கிற ஆங்காரம்தான். ஆனால் ஒன்று மாறிப்போயிருந்தது. இப்போது அவள் துணியை அளவுக்குச் சரியாக வெட்டினாள். அடியில் ஓரம் பிரியாமல் இருக்க ஒரு நூலகலம் மடித்துத் தைத்தாள், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் பன்னிரண்டு ஃப்ராக்கோடு வார்டுக்குப் போனாள். சிஞ்சு படுத்திருந்த கட்டிலில் ஃபஸீலா என்று நாலு வயசுப் பிள்ளை இருந்தது. தலையில் முடி இல்லை. அம்மா அன்சிலா கொல்லங்கோட்டுக்காரி. அவள் புருஷன் அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்றாலும், முன்பே இருந்த அம்மாக்கள் ஃப்ராக்கையும் மடிப்பையும் பற்றி அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள். சிஞ்சுவைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. ரோஸ் நிற ஃப்ராக்கை வாங்கியதும் அவள் விரல் நேராக அடிக்குப் போனது. ஒரு சுற்று தடவினாள். திருப்பி இன்னொரு சுற்றும் தடவினாள்.

"ஏனுங்க்கா, எம்பட புள்ளைக்கு மட்டும் மடிப்பு வெக்க மறந்துட்டீங்களா?"

விஷயம் தெரிந்த அம்மாக்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஜிபி சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஆமா தாயி, மறந்துட்டேன். குடு இங்க" என்றாள் செபமாலை.

துணியில் மடித்து விட மிச்சம் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், வெட்டியதே அவள்தானே. பைக்குள் கைவிட்டு மஞ்சள் ஃப்ராக்கை எடுத்தாள். பிளேடால் அடித் தையலைக் கீறினாள். எட்டு விரல் துணி, கடையில் வாங்கிய அன்றைய நிறத்தோடு கீழே விழுந்தது. தோளைப் பிடித்து ஒருமுறை உயர்த்திப் பார்த்தாள். பதினாலு வயதுப் பெண்ணின் உயரம் அதில் தெரிந்தது. சிஞ்சு பார்க்கக் கேட்டது இதைத்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதாள், யாரும் தடுக்கவில்லை.

பிறகு கத்தரிக்கோல் எடுத்து அந்த மஞ்சள் பட்டையை வெட்டி, ரோஸ் ஃப்ராக்கின் அடியில் சேர்த்து, உள்ளே மடித்துக் கையாலேயே தைக்கத் தொடங்கினாள். மடிப்பு வைத்தால் பிள்ளை வளரும் என்ற நம்பிக்கை அவளுக்குத் துளியும் மிச்சமில்லை. தைத்து முடித்ததும் அன்சிலா ஃப்ராக்கை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"எத்தன வருசத்துக்கு வருமுங்க்கா?"

செபமாலை ஊசியில் மிச்சமிருந்த நூலை அறுத்தாள்.

"ஆறு வருசத்துக்கு வரும்" என்றாள். சிஞ்சுவிடமும் ஆறு என்றுதான் சொல்லியிருந்தாள்.