பாக்குத் தோப்பில் ஒரு நிமிட வீடியோ

போட்டோக்காரனுக்குக் காது தேவையில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தத் தீவில், புரோத்ராபூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். என் முன்னால் நின்றவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் "ரெடி" என்பேன், அவர்கள் மூச்சைப் பிடிப்பார்கள், வேலை முடிந்தது. "ரெடி"க்கு முன்னால் அவர்கள் அடித்துக்கொண்டார்களா, அழுதார்களா என்பதெல்லாம் படத்தில் வராது.

இப்போது யாருக்கும் ஆல்பம் வேண்டாம். எல்லாருக்கும் போனில் போட்டுக்கொள்ள ஒரு நிமிட வீடியோ வேண்டும். பிழைப்பு போய்விடுமே என்று நானும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் பழக்கதோஷத்தில் "அசையாதீங்க" என்று கத்திவிடுவேன். ஒரு பெங்காலிக் குடும்பம் என் பேச்சை மதித்துக் கடைசிவரை கண்ணைக்கூட இமைக்காமல் நின்றது. அந்த வீடியோவில் நடமாடியது பின்னால் நின்ற ஆடு மட்டும்தான். கடைத்தெருவில் என்னைக் கேலி பண்ணாத ஆள் பாக்கியில்லை. ரோஷம் வந்து, சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்றைக் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டிலிருந்து வரவழைத்தேன்.

அதை முதன்முதலில் குத்தியது ஒரு புது மாப்பிள்ளையின் சட்டையில். பெண் பக்கத்து ஊரான சிப்பிகாட்டுக்காரி. அவளுடைய அப்பா அங்கே காய்கறி பயிர் போடுகிறவர், எனக்கு நல்ல பழக்கம். மாப்பிள்ளை மெயின்லேண்டு. கல்யாணம் இங்கே முடிந்துவிட்டது; அடுத்த கப்பலில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்குள் வீடியோ கைக்கு வரவேண்டும் என்றார்கள்.

பாக்குத் தோப்பில் இருவரையும் தூரத்திலிருந்து நடந்து வரச் சொன்னேன். "நான் ரெடின்னு சொன்னதும் பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை அன்பாப் பேசுங்க தம்பி. அதுவரைக்கும் சும்மா சிரிச்சுட்டு வாங்க." "ரெடி"க்கு முன்னால் எதுவும் பதியாது என்றுதான் அவனும் நினைத்திருக்கிறான். மைக்கை நான் அணைக்கவில்லை. அணைக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. கேமரா வழியாகப் பார்த்தேன். அவன் அவள் காதோரம் குனிந்து சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறான், அவளும் சிரிக்கிறாள். நல்ல ஜோடி என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

ரெண்டு நாள் கழித்து ஸ்டுடியோவில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவன் சொன்னது என் காதில் விழுந்தது.

"பல்லைக் காட்டாத. ஈறு தெரியுது, கண்றாவி. போட்டோல வாயை மூடிட்டு ஏமாத்திட்டீங்கல்ல?"

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய அந்தப் போட்டோவை எடுத்தவன் நான்தான். உதட்டை மூடிக்கொள்ளச் சொன்னவனும் நான்தான்.

"அழுதேன்னா இங்கயே அறைவேன். கப்பல் ஏறு, அப்புறம் இருக்கு உனக்கு. உங்கப்பன் என்ன, கடல்ல நீந்தி வந்தா கேக்கப் போறான்?" பிறகு குரல்கூட மாறாமல், "சிரி. அந்தாளு பாக்குறான்" என்றான்.

"சிரிக்கிறேங்க" என்றாள் அவள்.

அந்தப் பயலைத் தோப்பிலேயே நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். அவள் கப்பல் ஏறக்கூடாது, அது ஒன்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டு உடனே வரச் சொன்னேன். என்ன விஷயம் என்று சொல்லாததால், வீடியோ தயாராகிவிட்டது என்று நினைத்துப் பெண்ணையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவளை முன்னறையில் உட்காரச் சொல்லிவிட்டு, அவரை உள்ளே அழைத்து ஹெட்போனை மாட்டினேன்.

கத்துவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்து தண்ணீரெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவர் கடைசிவரை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் பத்திரமாக வைத்தார்.

"சாஃப் சாஃப் கேக்குது அண்ணே. நல்ல மைக்தான்" என்றார். "இத எடுத்துட்டு ஒரு பாட்டப் போட்டுடுங்க."

"பாட்டா? உங்க பொண்ணை அறைவேங்கிறான். அனுப்பாதீங்கய்யா."

"ஜானே தோ அண்ணே, விடுங்க. ஊரக் கூட்டி சோறு போட்டாச்சு. சின்னவ ஒருத்தி இருக்கா. இவ வந்து வீட்டுல உக்காந்தா அவள எவன் கட்டுவான்? போகப் போக எல்லாம் சரியாப் போயிடும்."

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டே விட்டேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "சலோ, நேரமாச்சு" என்று மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்ப ஆரம்பித்தார்.

அவள் எழுந்து என்னிடம் வந்தாள்.

"தோப்புல அவர் பேசினது மைக்குல விழுந்துடுச்சா அங்கிள்?"

"விழுந்துடுச்சும்மா."

"அப்பா கேட்டாரா? முழுசாவா?"

"முழுசாக் கேட்டார்."

ஸ்கூட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு ஸ்டார்ட் ஆனது. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குத் தோப்புலேருந்து வீட்டுக்குப் போனதுமே அப்பாகிட்ட ஒரு வார்த்தை விடாம சொல்லிட்டேன் அங்கிள். அவர் நம்பலன்னுதான் நான் நினைச்சுட்டு இருந்தேன்."