ஆத்தா வந்திருக்காங்க

"செல்வி குடும்பம்: ஒருவர் கூடுதல்." மண்சரிவுக்குப் பின் அக்கரப்பத்தனைப் பாடசாலையில் அமைத்த முகாமில், நோய் விவரம் எடுக்கப் போன முதல் நாள் நான் எழுதிய வரி இது.

செல்வியின் மகன் போர்த்திப் படுத்திருந்தான்.

"பயலுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டேன்.

"ஆத்தா வந்திருக்காங்க சார்," என்றாள்.

"அப்ப அவங்களுக்கும் சோத்துப் பார்சல் சொல்றேன்."

"அவங்களுக்கு மோர் போதுங்க."

எங்கள் கிறிஸ்தவ வீட்டில் அம்மை நோயை அப்படிச் சொல்வதில்லை. அவளுடைய தாய் வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, பக்கத்துப் பாயிலிருந்த கர்ப்பிணி ராணிக்கும் கொப்புளம் கண்டபோதுதான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் ராணி பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை.

முகாமுக்குத் திரும்பியவள் கேட்டாள்: "அன்னைக்கே பயலத் தனியா வச்சிருந்தா எம்புள்ள இருந்திருக்குமா சார்?"

அதற்கு முன்பே தொற்றியிருக்கலாம் என்கிறார் டாக்டர். அது உறுதியாகவில்லை. 'ஒருவர் கூடுதல்' என்பதை அடித்துவிட்டு, 'மகனுக்கு அம்மை' என்று எழுதினேன்.