கைலி அடைத்த பெட்டி

நேத்து ஒங்க வீட்டு ஜன்னல் அதிர்ந்துச்சே ராணி, அது எங்க வீட்டுச் சத்தம்தான்லா. என் மருமக வனிதா, கார் பின்னால வைக்க அவளே பலகை அறுத்து ஸ்பீக்கர் பெட்டி செஞ்சா. அதுல ஒரு பக்கம் கை நுழையுற ஓட்டை. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தவளுக்கு ஓட்டையப் பாத்தா எலி ஞாபகம்தான் வரும். பழைய கைலியச் சுருட்டி உள்ள திணிச்சுட்டேன்.

சாயங்காலம் பாட்டைப் போட்டா, தும் தும்முனு வர்ற அடிச் சத்தமே வரல. ஆம்ப்ளிஃபயர்ல ஃபில்டர்னு ஒரு திருகு இருக்கு. டீ வடிகட்டியாட்டம் கனத்த சத்தத்தை மட்டும் வடிச்சு விடுமாம். அதை எப்படித் திருகியும் ஒண்ணும் ஆகல.

"ஞாயித்துக்கிழமை ஈப்போவுல கார் ஸ்பீக்கர் போட்டி அத்தே. என் அளவுதான் தப்பு, பெட்டியப் பிரிச்சிடுறேன்"னு ரம்பத்தை எடுத்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"அறுக்காதம்மா, ஓட்டைய நான்தான் அடைச்சேன்"னேன்.

திட்டுவான்னு நெனச்சேன். கைலிய உருவிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "பெட்டி மூச்சு விடுறதே அந்த ஓட்டையிலதான் அத்தே."

அப்புறம் வந்துச்சு பாரு சத்தம், திருவிழா உறுமி மாதிரி நெஞ்சுக்குள்ள. ரெண்டு பேரும் ஆடிட்டோம்லா.

பத்து வருஷமா மாமியாரா இருக்கேன். தப்பு என்னுதுன்னு அவகிட்டச் சொன்னது நேத்துதான். சொன்னா இவ்வளவு லேசா இருக்கும்னு தெரியாமப் போச்சு.

இரு வாரேன், மழை தூறுது. அந்தக் கைலி கொடியில காயுது. போட்டிக்குப் போறப்ப பெட்டி மேல போத்த, அதுதான் வேணுமாம் அவளுக்கு.